வேலூரிலிருந்து டொராண்டோ உலகக் கோப்பைக்கு: வீட்டில் ஒருவரையும் விட்டுவிடாமல் போய்வர ஒரு வழிகாட்டி

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் விடுதிப் பலகைகள் வங்காள மொழியில் எழுதப்பட்டிருப்பதை நாம் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். அசாமிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்து, சக்கர நாற்காலியில் தகப்பனாரை உட்கார வைத்துக்கொண்டு, கையில் ஒரு சீட்டோடு எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு முறையாவது வழி சொல்லாத வேலூர்க்காரர் இருக்க முடியாது. 2026 ஜூன், ஜூலை மாதங்களில் உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்கக் கனடாவின் டொராண்டோ நகருக்குப் புறப்படும் நம்மவர்கள், அந்தக் குடும்பம் நின்ற இடத்தில்தான் போய் நிற்கப் போகிறார்கள்.

ஆகவே இந்தக் கட்டுரை தனியாகப் பை மாட்டிக்கொண்டு கிளம்பும் இளைஞரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படவில்லை. மூட்டு வலியுள்ள பாட்டி, கைக்குழந்தையோடு வரும் பெண், கண் தெரியாத நண்பர், கூட்டச் சத்தம் தாங்காத பிள்ளை, ஐந்து வேளை தொழுகிறவர், முட்டைகூடத் தொடாத சைவர், திருநங்கையான தங்கை என யார் உடன் வந்தாலும் போட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும் என்பதற்காக எழுதப்பட்டது. குழுவில் யாருக்கு வழி மிகக் கடினமோ அவரை முதலில் வைத்துத் திட்டம் போட வேண்டும். திடகாத்திரமானவர்களுக்கு ஏற்பத் திட்டம் போட்டுவிட்டு, பாட்டிக்கு அங்கே போய் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று இருந்தால், பாட்டி அறையிலேயே உட்கார்ந்து தொலைக்காட்சியில்தான் ஆட்டம் பார்ப்பார்.

முதலில் போட்டியும் இருக்கையும்

இந்த உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் 16 நகரங்களில் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை நடக்கிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். கனடாவில் வான்கூவரில் 7 ஆட்டங்களும் டொராண்டோவில் 6 ஆட்டங்களும் உள்ளன. டொராண்டோ ஆட்டங்கள் ஜூன் 12, 17, 20, 23, 26, ஜூலை 2 ஆகிய நாள்களில் நடக்கின்றன. முதலாவது கனடா அணியின் தொடக்க ஆட்டம். 20ஆம் தேதி ஜெர்மனியும் ஐவரி கோஸ்ட்டும் மோதுகின்றன. ஜூலை 2இல் நடப்பது தோற்றால் வெளியேறும் சுற்றின் ஆட்டம். சீட்டு விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் 17, 23 ஆகிய நாள்களில் பனாமா ஆடும் ஆட்டங்களைப் பார்ப்பது நல்லது. பனாமா ரசிகர்கள் நடுவே உட்கார்ந்து பார்ப்பது ஜெர்மனி ஆட்டத்தைவிட எந்த வகையிலும் குறைந்த அனுபவம் இல்லை என்பது என் எண்ணம்.

ஆட்டம் நடக்கும் இடம் ஏரிக்கரையில் எக்ஸிபிஷன் பிளேஸ் வளாகத்தில் உள்ள பி.எம்.ஓ. ஃபீல்டு. விளம்பரதாரர் பெயரை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிக்காததால் போட்டிக் காலத்தில் அது டொராண்டோ ஸ்டேடியம் என்றே குறிக்கப்படும்; சீட்டில் ஒரு பெயரும் வரைபடத்தில் இன்னொரு பெயரும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 2007இல் திறக்கப்பட்ட இந்த அரங்கில் உலகக் கோப்பைக்காக ஏறத்தாழ 17,000 தற்காலிக இருக்கைகள் சேர்க்கப்பட்டு மொத்தம் 45,000 பேர் அமரும்படி ஆக்கியிருக்கிறார்கள். தற்காலிக இருக்கைகள் இரு கோல் பக்கங்களிலும் அடுக்கடுக்காக எழுப்பப்பட்டவை. படியேற முடியாதவருக்கு அவற்றின் மேல் வரிசைகள் ஏற்றவை அல்ல.

சீட்டை ஃபிஃபாவின் சொந்த இணையதளத்திலோ அதன் மறுவிற்பனைப் பகுதியிலோ மட்டும் வாங்க வேண்டும். சீட்டு கைப்பேசியில்தான் வரும், தாளில் வராது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அதிகம் நடக்க முடியாதவர்களுக்கும் தனி வகைச் சீட்டுகள் உண்டு. சாதாரணச் சீட்டை வாங்கிவிட்டு வாசலில் போய் மாற்றிக் கேட்கலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. துணைக்கு வருபவரின் இருக்கை பக்கத்திலேயே வருகிறதா, அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டுமா என்பதைப் பணம் செலுத்தும் முன்பே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வையற்றோருக்குக் காதில் கேட்கும் விளக்க வர்ணனை 2014, 2018, 2022 உலகக் கோப்பைகளில் வழங்கப்பட்டது. வானொலி வர்ணனை போல ஆட்டக்காரரின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், பந்து மைதானத்தில் எங்கே இருக்கிறது, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதையும் அது சொல்லும். அதைக் கேட்கக் கைப்பேசியும் கம்பி வைத்த காதொலிக் கருவியும் கொண்டு போவது நல்லது.

பாஸ்போர்ட், விசா, இனிஷியல்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் பெயரை எப்படி எழுதுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஆதாரில் இனிஷியலும், பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முழுப் பெயரும், வங்கிப் புத்தகத்தில் வெறும் சொந்தப் பெயரும் இருந்தால், விசா அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேராகத் தெரியலாம். குடும்பப் பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், கனடா விசா விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும். விமானச் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்.

கனடாவுக்கு இந்தியர்களுக்குப் பார்வையாளர் விசா தேவை. கட்டணம் ஆளுக்கு 100 கனடிய டாலர். கைரேகையும் படமும் எடுக்க இன்னும் 85 டாலர். கைரேகைக்குச் சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போக வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 79 வயதைக் கடந்தவர்களுக்கும் கைரேகை தேவையில்லை. எண்பது வயதுத் தாத்தாவை அதற்காகச் சென்னைக்கு இழுத்துச் செல்ல வேண்டாம். ஒரு முறை கொடுத்த கைரேகை 10 ஆண்டுகளுக்குச் செல்லும். போட்டிச் சீட்டு கையில் இருப்பதாலேயே விசா கிடைத்துவிடாது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். திரும்பி வருவோம் என்று நம்ப வைக்கும் ஆவணங்கள்தான் முக்கியம்: வேலைக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, வீடு அல்லது நிலப் பத்திரம், குடும்பப் பொறுப்புகள். சொந்த வருமானம் இல்லாத பெற்றோருக்கு, செலவை ஏற்கும் மகனோ மகளோ ஒரு கடிதமும் தம் வருமானச் சான்றும் இணைக்க வேண்டும். அங்கே உறவினர் இருந்தால் அவர் எழுதிய அழைப்புக் கடிதம் உதவும்.

திருநங்கைகளும் திருநம்பிகளும் பாஸ்போர்ட், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயரும் ஒரே பாலினக் குறிப்பும் இருக்கும்படி முதலில் சரிசெய்துகொண்ட பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் மூன்றாம் பாலினத்துக்கான குறிப்பு உண்டு. கனடா விண்ணப்பத்திலும் ஆண், பெண் தவிர்த்த தேர்வு உண்டு. விமானம் மாறும் நாட்டையும் யோசிக்க வேண்டும். கனடாவில் 2005 முதல் நாடு முழுவதும் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். ஆனால் வளைகுடா நாடுகளின் சட்டம் அப்படி இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் துபாய் வழியோ தோஹா வழியோ எடுப்பதைவிட, டெல்லியிலிருந்து நேராக டொராண்டோவுக்குப் போகும் விமானம் அவர்களுக்கு நிம்மதியானது. அமெரிக்கா வழியாகப் போகிறவர்களுக்கு, விமானம் மாறுவதற்கு மட்டுமானாலும், அமெரிக்க விசா தனியாக வேண்டும். இதை அறியாமல் சீட்டு எடுத்துவிட்டுப் பணத்தை இழக்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான நம் அரசு அட்டையில் உள்ள விவரம் அங்கே யாருக்கும் புரியாது. மருத்துவரிடம், என்ன குறைபாடு, என்ன உதவி தேவை, என்ன கருவி, என்ன மருந்து என்று ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்வது விமான நிலையத்திலும் அரங்க வாசலிலும் பயன்படும். மருந்துகளை மாத்திரைப் பெட்டியில் கொட்டி எடுத்துப் போகாமல், கடையில் வாங்கிய அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் 90 நாள்களுக்கு உரிய அளவுதான் கொண்டு போகலாம். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது. அங்கே அரசு மருத்துவக் காப்பீடு குடியிருப்பவர்களுக்கு மட்டுமே, பார்வையாளருக்கு இல்லை. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்களையும் அந்தக் காப்பீடு ஏற்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலூரிலிருந்து விமானம் வரை

நடக்க முடிகிறவர்கள் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் மட்டும், பெட்டிகளோடு நடைமேடைகளைக் கடக்கும் பாட்டைத் தவிர்த்து, வீட்டு வாசலிலிருந்தே கார் எடுப்பது மேல். சுமார் 140 கிலோமீட்டர்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலுக்கென்று ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

விமானச் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்க வேண்டும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கேட்கும்போது மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: படியேறத் தெரியும் ஆனால் தூரம் நடக்க முடியாது என்பது ஒன்று, படியே ஏற முடியாது ஆனால் இருக்கை வரை நடப்பார் என்பது இரண்டாவது, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. பொதுவாக நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொன்னால் முதல் நிலைக்குரிய உதவிதான் வரும்.

சொந்த நாற்காலியைக் கொண்டு போகிறவர்கள் கால் வைக்கும் பலகைகளைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு, மீதியைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை என் அத்தையின் நாற்காலி ஒரு பக்கப் பலகை இல்லாமல் சாமான் பெல்ட்டில் வந்து சேர்ந்தது. எந்த ஊரில் தொலைந்தது என்று அந்த விமான நிறுவனத்துக்கும் தெரியவில்லை, படம் இல்லாததால் எங்களாலும் நிரூபிக்க முடியவில்லை. பயணம் முழுவதும் அத்தை ஒரு காலைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் ஊர் சுற்றினார். மின்கல நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையையும் எடையையும் முன்கூட்டியே விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ட், நம்முடையது 230. சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால்தான் அங்கே வேலை செய்யும். தட்டைக் கம்பி இரண்டு உள்ள செருகி மாற்றியும் வேண்டும்.

சத்தமும் நெரிசலும் தாங்காத ஆட்டிச நிலைப் பிள்ளைகள், மறதி நோயுள்ள முதியவர்கள் போன்று பார்த்தவுடன் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக, சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சை நாடா ஒன்று இருக்கிறது. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்திலும் ஏர் கனடா விமானத்திலும் அதற்குப் பொருள் தெரியும். கழுத்தில் மாட்டியிருந்தால் ஊழியர்கள் அவசரப்படுத்தாமல் நடந்துகொள்வார்கள்.

உணவுப் பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆம்பூர் பிரியாணியை வாழையிலையில் கட்டி மாமாவுக்குக் கொண்டு போகும் ஆசையை விட்டுவிடுங்கள். இறைச்சி, பழம், செடி, விதை எல்லாம் பிரச்சினை. பொடி வகைகளைக் கொண்டு போனாலும் சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் 1,300 டாலர் வரை அபராதம்.

எங்கே தங்குவது

ஆட்டம் நடக்கும் நகர மையத்தில் விடுதி வாடகை இந்தக் காலத்தில் கடுமையாக இருக்கும்; அதோடு 2025 ஜூன் முதல் 2026 ஜூலை முடிய விடுதி வரியை 8.5 சதவீதமாக நகராட்சி உயர்த்தியிருக்கிறது. தனியார் வீடுகளில் குறுகிய நாள் தங்குவதென்றால் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவெண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாதது சட்டவிரோதம். விடுதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை வேண்டும் என்றால், அந்தச் சொல்லோடு நிறுத்தாமல், குளியலறைக்குள் நாற்காலியோடு போக முடியுமா, தொட்டிக்குள் ஏறிக் குளிக்க வேண்டுமா, கட்டிலின் உயரம் என்ன என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்க விடுதிகளில் குளிக்கும் தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு இருக்கும். நம் பாட்டிகள் வழுக்கி விழும் இடம் அதுதான். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது என்பதால் ஒரு சிறிய பிளாஸ்டிக் சொம்பு பெட்டியில் இருக்கட்டும்.

நம்மவர்களில் பலர் ஸ்கார்பரோவில் உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குவார்கள். நகரத்தின் கிழக்கே உள்ள இந்தப் பகுதியில் ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். கடைப் பலகையைத் தமிழிலேயே படித்துக்கொண்டு போகலாம். ஆனால் விருந்தாளிக்குக் கொடுப்பது பெரும்பாலும் பேஸ்மென்ட் என்னும் நிலவறை. செங்குத்தான மரப்படிகளில் இறங்கித்தான் அங்கே போக முடியும். வாசலிலும் மூன்று நான்கு படிகள் இருக்கும். கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். அன்பான உபசரிப்புக்கும் படிக்கட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அவர்கள் பேசும் தமிழ் நமக்கு முதல் நாள் கொஞ்சம் வேகமாகத் தோன்றும். பேசுவதைக் கதைப்பது என்பார்கள், கிளம்புவதை வெளிக்கிடுவது என்பார்கள், காய்கறியை மரக்கறி என்பார்கள். கடையில் சைவச் சாப்பாடு கேட்கும்போது மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டால் உடனே விளங்கும். தெரியாதவரை அண்ணை, அக்கா, தம்பி, தங்கச்சி என்று அழைப்பது அங்கேயும் உண்டு. தெலுங்கும் உருதும் கலந்து பேசிப் பழகிய நம் வடாற்காட்டுத் தமிழைக் கேட்டு அவர்களும் ஒரு கணம் விழிப்பார்கள். போர்க் காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்களில் பலர் என்பதால், எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே துருவ வேண்டாம்.

நகரத்துக்குள் போக்குவரத்து

பியர்சன் விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து நகர மையத்தில் உள்ள யூனியன் ரயில் நிலையத்துக்கு யு.பி. எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. மூன்றாம் முனையத்தில் இறங்குகிறவர்கள் இரு முனையங்களுக்கும் இடையில் ஓடும் இலவச ரயிலில் முதல் முனையத்துக்கு வந்துவிடலாம். யு.பி. ரயிலின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் நாற்காலியும் குழந்தை வண்டியும் தூக்காமலே ஏறும்.

நகரப் பேருந்து, சுரங்க ரயில், டிராம் மூன்றையும் டி.டி.சி. என்ற ஒரே நிறுவனம் நடத்துகிறது. பிரஸ்டோ என்னும் பயண அட்டையையோ நம் வங்கி அட்டையையோ ஏறும் இடத்தில் தொட்டால் போதும். பெரியவர்களுக்கு 3 டாலர் 30 சென்ட், அதை வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். 12 வயது வரை கட்டணம் இல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் அட்டையில் வயதைப் பதிந்தால்தான் கிடைக்கும், வங்கி அட்டையைத் தொட்டால் கிடைக்காது. பழைய நினைவில் சிலர் ஸ்கார்பரோவுக்கு ஆர்.டி. ரயிலைப் பிடிக்கச் சொல்வார்கள். அது 2023இல் தடம் புரண்ட பிறகு மூடப்பட்டுவிட்டது. கென்னடி நிலையம் வரை சுரங்க ரயிலில் வந்து அங்கிருந்து பேருந்து ஏற வேண்டும்.

சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் உண்டு, சிலவற்றில் இன்னும் இல்லை. இருப்பதும் அன்று ஓடுகிறதா என்பதை டி.டி.சி. இணையதளத்தில் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும். டிராம்கள் எல்லாம் தாழ்தளம் கொண்டவை. நாற்காலியோடு ஏறுகிறவர்கள் இரண்டாவது கதவருகே நின்று, அதில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் சாய்தளத்தை இறக்குவார். புறநகர் கோ ரயிலில் என்ஜினிலிருந்து எண்ணினால் ஐந்தாவது பெட்டிதான் நாற்காலிக்கு உரியது. நடைமேடையில் அதற்கென்று உயர்த்திக் கட்டிய இடம் இருக்கும்.

சாப்பாடு, தொழுகை, உடை

மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் போகிறவர்கள் ஹலால் உணவுக்குக் கவலைப்பட வேண்டாம். நகரம் முழுவதும் கிடைக்கிறது. சான்று பெற்ற கடையா என்று கேட்பது அங்கே இயல்பான கேள்வி. நகர மையத்தில் டன்டாஸ் தெருவில் மஸ்ஜித் டொராண்டோ இருக்கிறது. கவனிக்க வேண்டியது நேரத்தை: ஜூன் பின்பாதியில் சூரியன் மறைவது இரவு ஒன்பது மணியளவில்தான். ஆகவே மாலைத் தொழுகையான மஃரிபு மிகவும் தள்ளிப் போகும், இரவுத் தொழுகையான இஷா நள்ளிரவை நெருங்கும், விடியல் தொழுகையான ஃபஜ்ரு அதிகாலை நான்கு மணிக்கு முன்பே வந்துவிடும். மாலை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் பிற்பகல் தொழுகையான அஸரை எங்கே தொழுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோயிலுக்குப் போக விரும்புவோருக்கு நகரின் வடக்கே ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் பெரியது.

கடையில் எழுதியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. 13 சதவீதம் மேலே வரும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள். நூறு டாலர் பில் என்றால் கையிலிருந்து 130 போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் வெந்து கிளம்புகிறவர்களுக்கு டொராண்டோவின் ஜூன் மாதம் ஏலகிரி போலத்தான் இருக்கும். பகலில் 24 டிகிரி, இரவில் 15. அரங்கம் ஏரியை ஒட்டியிருப்பதால் இருட்டிய பிறகு காற்று குளிரும். வயதானவர்களுக்கு ஒரு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துணியும் அவசியம்.

கைக்குழந்தைக்குப் பொது இடத்தில் பாலூட்டுவது அந்த மாகாணச் சட்டப்படி தாயின் உரிமை. யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது. தெருவில் கஞ்சா வாசனை வந்தால் பதற வேண்டாம். 2018 முதல் அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு நாட்டு எல்லையைக் கடப்பது குற்றம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் நடக்கும், பால்புதுமையினரின் பிரைடு ஊர்வலத்தின்போது சர்ச் தெருவும் வெல்ஸ்லி தெருவும் சந்திக்கும் பகுதி நிரம்பி வழியும். நம் திருநங்கைச் சகோதரிகளுக்கு அங்கே யாருடைய முறைப்பும் இல்லாமல் ஒரு மாலை நடந்து திரிய முடியும்.

உடல்நலம் கெட்டாலோ ஆபத்து என்றாலோ 911. ஆங்கிலம் வராதவர்கள் டமில் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரமில்லாத நகராட்சி விவரங்களுக்கு 311. அங்கும் தமிழில் பேச முடியும். பாட்டியின் கைப்பேசியில் இந்த இரண்டு எண்களையும், தங்கும் வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை அவர் பர்ஸிலும் வைத்துவிடுங்கள்.

ஆட்ட நாள்

காரில் போகும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். யூனியன் நிலையத்திலிருந்து கோ ரயிலில் ஒரே நிறுத்தம் எக்ஸிபிஷன். இறங்கினால் அரங்கம் பக்கத்தில். அதற்கு மாற்றாக யூனியனிலிருந்து 509ஆம் எண் டிராமும், பாதர்ஸ்ட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து 511ஆம் எண் டிராமும் அங்கே வருகின்றன. நாற்காலியோடு போகிறவர்களுக்கு 509தான் என் பரிந்துரை. ரயில் கூட்டத்தில் இடிபடாமல், தாழ்தள வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கலாம்.

உள்ளே பார்க்கக்கூடிய தெளிந்த பிளாஸ்டிக் பையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலின், குழந்தைப் பால், மூச்சுக் கருவி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் மருத்துவர் கடிதம் கையில் இருக்க வேண்டும். சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காது மூடியை வாசலிலேயே மாட்டிவிடுவது நல்லது. கோல் விழுந்த பிறகு தேடினால் பலனில்லை. உள்ளே போனவுடன் இருக்கையைத் தேடும் முன், கழிவறை எங்கே, முதலுதவி எங்கே, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்ற மூன்றையும் எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும். சந்திக்கும் இடமாக வாசல் எண்ணைச் சொல்லாதீர்கள், எண்கள் மறந்துபோகும். பாட்டி கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய ஒரு கம்பமோ கடையோ இருக்கட்டும்.

சீட்டுக் கிடைக்காதவர்களுக்கு ஃபிஃபாவின் ரசிகர் விழா ஃபோர்ட் யார்க் கோட்டையிலும் பக்கத்தில் பென்ட்வே என்னும் மேம்பாலத்தடித் திடலிலும் நடக்கிறது. கோட்டை என்றதும் அகழியும் கருங்கல் மதிலுமாக நம் கோட்டையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். 1793இல் தொடங்கிய அது மண்மேடும் புல்வெளியும் தாழ்ந்த கட்டடங்களுமாக இருக்கும். புல்லில் நாற்காலிச் சக்கரம் சிக்கும் என்பதால் மேம்பாலத்தடித் திடல் வசதியானது. வெயிலுக்கும் மழைக்கும் மேலே கூரை போலப் பாலமே இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ரயிலை நோக்கி ஓடுவார்கள். நடக்க முடியாதவர்களோடு போனவர்கள் அரை மணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டு எழுந்தால், வழி தானாகத் திறந்திருக்கும். சுரங்க ரயில் இரவு ஒன்றரை மணியளவில் நின்றுவிடும். அதன் பிறகு நீல இரவுப் பேருந்துகள் உண்டு. ஸ்கார்பரோவின் அகலமான சாலைகளில் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் இடையே நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும். அதற்கு உதவியாக, இரவு 9 மணி முதல் அதிகாலை 5 மணி வரை, இரு நிறுத்தங்களுக்கு நடுவில் தனக்கு வசதியான இடத்தில் இறக்கிவிடச் சொல்லும் உரிமை பேருந்துப் பயணி யாருக்கும் உண்டு. ஒரு நிறுத்தம் முன்னதாகவே எழுந்து போய் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். முன்கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும்.